செல்லும் எறும்பும்: கடலூர் – சிதம்பரம் வட்டாரத்தில் வீட்டுப் பூச்சிகளை இனங்காணலும் தடுத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

வீட்டிற்குள் புகும் எறும்பையும் கறையானையும் மக்கள் எவ்வாறு இனங்கண்டனர், எவ்வாறு தடுத்தனர் என்பதைக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது. தொல்காப்பிய மரபியல், திருமுறைகண்ட புராணம், சிதம்பரம் கல்வெட்டு, 18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இயற்கையியலாளர் குறிப்புகள், 20ஆம் நூற்றாண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டங்கள் ஆகியன இதற்குச் சான்றுகளாகின்றன. வேதிப்பொடிகளின் வருகைக்கு முன் நிலவிய முறைகள் பூச்சியின் இனத்தையும் இயல்பையும் அறிந்து விலக்கும் முறைகளாக இருந்தன. ஒரே பொடி அனைத்தையும் கொல்லும் என்ற நிலை வந்தபோது இனங்காணும் தேவை மறைந்தது. அதன் விலையை வீடும் ஊரும் சேர்ந்து செலுத்தின. இன்றைய பூச்சியியல் மீண்டும் இனங்காணலுக்கே திரும்பியுள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

திறவுச்சொற்கள்: எறும்பு, கறையான், செல், சிதல், சிதம்பரம், கடலூர், சுவடிப் பாதுகாப்பு, பூச்சிக்கொல்லி

முன்னுரை

தமிழகத்தில் பூச்சிகளின் வரலாறு பெரும்பாலும் வயலின் வரலாறாகவே பேசப்படுகின்றது. அடுப்படியிலும் நெற்குதிரின் அடியிலும் ஏட்டறையிலும் மனிதரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த பூச்சிகள் வரலாற்றுப் பொருளாக அரிதாகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆயினும் ஒரு வீட்டார் எறும்பைக் கண்டவுடன் என்ன செய்கின்றனர் என்பது அவர்களது மொழியறிவு, கட்டட அறிவு, அறநோக்கு, சந்தைத் தொடர்பு ஆகிய அனைத்தையும் காட்டும் செயலாகும்.

கடலூர், சிதம்பரம் வட்டாரம் இவ்வாய்வுக்குப் பொருத்தமானது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் கடலைச் சேரும் தாழ்நிலம் இது. வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நீர் தேங்கும். மண்ணுள் அமைந்த கூடுகளில் நீர் புகும்போது எறும்புகள் முட்டைகளையும் புழுக்களையும் சுமந்துகொண்டு மேட்டை நாடுகின்றன. வெள்ளச் சமவெளியில் அந்த மேடு பெரும்பாலும் வீட்டின் திண்ணையும் சுவருமே. முட்டையைச் சுமந்து மேடேறும் எறும்பு வரிசையைப் புறநானூற்றின் 173ஆம் பாடல் உவமையாக எடுத்தாள்கின்றது. பண்ணனின் சிறுகுடியில் சோறு பெற்றுக் கையிலேந்திச் செல்லும் சிறுவர்களுக்கு அவ்வரிசை உவமையாகின்றது. மழைக்கும் எறும்பின் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள தொடர்பைத் தமிழர் நெடுங்காலம் கவனித்து வந்துள்ளனர் என்பதற்கு இது சான்று.

இரு பெயர், ஒரு வகுப்பு

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாகப் பகுக்கின்றது. மெய்யால் உணர்வது ஓரறிவு. அதனோடு நாச்சுவை சேர்வது ஈரறிவு. மூக்கால் முகர்ந்தறிவதும் சேர்வது மூவறிவு. சிதலையும் எறும்பையும் தொல்காப்பியர் மூவறிவுயிர்களாகக் குறிக்கின்றார். இங்கு இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, சிதலும் எறும்பும் ஒரே வகுப்பில் வைக்கப்பட்டாலும் தனித்தனிப் பெயர் பெற்றுள்ளன. இரண்டாவது, அவ்வகுப்பின் அடையாளம் முகர்தல் ஆகும்.

இதனைக்கொண்டு தற்கால அறிவியலைப் பழந்தமிழர் முன்னறிந்தனர் என்று கூறுவது பொருந்தாது. எறும்புகளுள் பெரும்பாலானவற்றிற்குக் கண்கள் உண்டு. எனினும் எறும்பு வரிசையை வழிநடத்துவது அவை தரையில் இட்டுச்செல்லும் மணப்பொருளே. வேலைக்காரக் கறையான்களுள் பெரும்பாலானவை பார்வையற்றவை, அவையும் மணத்தாலும் தொடுகையாலுமே இயங்குகின்றன. வரிசையின் குறுக்கே விரலால் தேய்த்தால் எறும்புகள் திகைத்து நிற்பதைக் கண்ட எவரும் முகர்தலே அவற்றின் வழிகாட்டி என்று உணர்ந்திருக்க இயலும். மரபியலின் பாகுபாடு இத்தகைய கவனிப்பிலிருந்து பிறந்தது எனக் கொள்ளலாம்.

சிதல், சிதலை, செல், கறையான் ஆகியவை ஒரே பூச்சியைக் குறிக்கும் பெயர்கள். அதன் சிறகு முளைத்த பருவம் ஈசல். சிதலை அரித்த ஆலமரத்தை அதன் விழுது தாங்கும் காட்சியை நாலடியார் நல்ல மகனுக்கு உவமையாக்குகின்றது. எறும்பின் பெயர்களோ உருவம், நிறம், கடி, இருப்பிடம் ஆகியவற்றைக் காட்டுகின்றன. கட்டெறும்பு உருவில் பெரியது, கரியது, சிற்றெறும்பு நுண்ணியது, சுள்ளெறும்பு சுள்ளெனக் கடிப்பது, முசுறு எனப்படும் முயிறு மரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டுவது, பிள்ளையார் எறும்பு கடிக்காதது. ஒவ்வொரு பெயரும் பலவினங்களைத் தழுவக்கூடியது என்பது உண்மை. ஆனால் கடிப்பதா, கடிக்காததா. மண்ணில் வாழ்வதா, மரத்தில் வாழ்வதா என்ற வேறுபாடுகள் அப்பெயர்களிலேயே பதிந்திருந்தன. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அப்பெயர்களே தொடக்கக் குறிப்பாயின.

தில்லையின் பூட்டிய அறை

இவ்வட்டாரத்தின் பூச்சி வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற நிகழ்வு சிதம்பரம் நடராசர் கோயிலோடு தொடர்புடையது. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கருதப்படும் திருமுறைகண்ட புராணம் அதனை விவரிக்கின்றது. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறை ஒன்றில் பூட்டப்பட்டுள்ளன என்பதைத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி வழியாக அறிந்த சோழ மன்னன் அவற்றை மீட்க முற்பட்டான். ஏடுகளை வைத்த மூவரும் வந்தாலன்றி அறை திறக்கப்படாது என்று கோயிலார் கூற, மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து மன்னன் அறையைத் திறப்பித்தான். உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து ஏடுகளை எடுத்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. நம்பியாண்டார் நம்பியின் திருநாரையூர் இன்றைய கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில் பகுதியில் உள்ளது.

இப்புராணச் செய்தியை அப்படியே வரலாறாகக் கொள்ள இயலாது. 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத் திருவல்லம் கல்வெட்டு திருப்பதியம் பாடுவோரைக் குறிப்பிடுகின்றது. எனவே சோழர் மீட்கும்வரை பதிகங்கள் முற்றிலும் மறைந்து கிடந்தன என்று கூறுவதற்கில்லை. எனினும் பூச்சித் தடுப்பின் வரலாறு என்ற நோக்கில் இக்கதை வேறொரு வகையில் நம்பத்தக்கது. ஏட்டறையில் செல் என்ன செய்யும், அதற்கு எதிராக எது செய்யத்தக்கது என்பதைக் கதையை இயற்றியவர் துல்லியமாக அறிந்திருந்தார்.

முதலில் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். புற்றுமண் கறையானின் உமிழ்நீரால் பிணைக்கப்பட்டுக் கெட்டிப்பட்ட மண். அதனை இடித்தெடுத்தால் ஏடு உடையும். நீரூற்றினால் ஓலை ஊறிக் கெடும். எண்ணெய் மண்ணை நெகிழ்த்தும். ஓலைக்குக் கேடு செய்யாது. பனையோலையில் எழுத்து எழுத்தாணியால் கீறப்படுவதால் எண்ணெய் எழுத்தை அழிப்பதும் இல்லை. ஏடுகளுக்கு அவ்வப்போது எண்ணெய் பூசிக் காக்கும் வழக்கம் சுவடி வைத்திருந்த வீடுகளில் அண்மைக் காலம்வரை இருந்தது. கதையில் வரும் எண்ணெய் சுவடித் தொழிலின் எண்ணெயே ஆகும்.

அடுத்தது பூட்டு. இருள், ஈரம், அசைவின்மை ஆகிய மூன்றும் கறையானுக்கு உகந்தவை. நாள்தோறும் பிரித்து ஓதப்படும் ஏட்டில் அது எளிதில் குடியேறாது. பூட்டி முத்திரையிட்டுப் போற்றப்பட்ட ஏட்டில் குடியேறும். எனவே ஏடுகளின் அழிவிற்குச் செல் உடனடிக் காரணம் என்றால், பூட்டு அடிப்படைக் காரணம். சுவடிகளைக் காத்தவர்கள் ஏடுகளை வெயில் படாத காற்றில் உலர்த்தினர், வேப்பிலையும் வசம்பும் இட்டுக் கட்டினர், மஞ்சள் பூசினர், பழுதானவற்றைப் புதிய ஓலையில் படியெடுத்தனர். இவற்றுள் மிக வலியது படியெடுத்தலே. கறையான் ஓர் ஏட்டை அரிக்கலாம். பல ஊர்களில் உள்ள படிகளை ஒருசேர அரிக்க இயலாது.

மூன்றாவது வழி எழுதுபொருளை மாற்றுவது. முதற் குலோத்துங்கன் காலத்து அதிகாரியான மணவிற் கூத்தன் காலிங்கராயன், அதாவது நரலோகவீரன், சிதம்பரத்தில் செய்த திருப்பணிகளைக் கூறும் கல்வெட்டு, மூவர் தேவாரத்தை அவன் செப்பேட்டில் எழுதுவித்ததையும் குறிக்கின்றது. அதற்குச் செல்லின் அச்சமே காரணம் என்று கல்வெட்டுக் கூறவில்லை. எனினும் ஏடுகள் செல்லரித்ததாகக் கதை வழங்கும் அதே கோயிலில் செல்லரிக்காத பொருளில் அப்பாடல்கள் பொறிக்கப்பட்டமை எண்ணத்தக்கது. பிற்காலத்தில் கடலூர்த் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையின் கம்பெனி ஆலோசனைக் குறிப்புகளைச் சென்னை ஆவணக் காப்பகம் 20ஆம் நூற்றாண்டில் அச்சிட்டது. அரிக்கப்படும் தாளிலிருந்து பல படிகளுக்கு மாறும் இம்முயற்சியும் அதே வகையினது.

வீட்டில் விலக்கும் முறைகள்

செல்லுக்கு எதிரான முறையும் எறும்புக்கு எதிரான முறையும் ஒன்றல்ல. கறையான் ஈர மண்ணோடு தொடர்பு அறாமல் மண்குழாய் கட்டி மரத்தை அடைகின்றது. ஆகவே மரத்திற்கும் மண்ணுக்கும் இடையே கல் வைக்கப்பட்டது. திண்ணைத் தூண்களின் அடியில் உள்ள கல் இதற்காகவும் பயன்பட்டது. கல்லைக் கடக்கும் கறையான் கல்லின்மேல் மண்குழாய் கட்டியாக வேண்டும். அக்குழாய் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தவுடன் துடைப்பத்தால் தட்டிவிடலாம். கல் தடையாகவும் எச்சரிக்கையாகவும் அமைந்தது. நெற்குதிரைத் தரையில் வைக்காமல் கால்களின்மேல் அல்லது கல்லின்மேல் நிறுத்தியதற்கும் இதுவே அடிப்படை.

எறும்பு வெளிப்படையாக நடந்து வரும். மண்ணோடு தொடர்பு அதற்குத் தேவையில்லை. சிறு இடுக்கு போதும். அதனைத் தடுப்பது நீரும் உயரமும் ஆகும். பலகார அலமாரியின் கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்துவர். வெல்லம் வைத்த பாத்திரத்தை நீருள்ள தட்டின் நடுவில் வைப்பர். தயிரும் வெண்ணெயும் உறியில் தொங்கும். உறிக்கயிற்றின் வழியாக எறும்பு இறங்காதிருக்க அதில் வேப்பெண்ணெய் தடவுவதும் உண்டு. மஞ்சள்தூள், சாம்பல், பெருங்காயம் ஆகியவற்றை எறும்பு வரும் இடுக்கில் இடுவது மற்றொரு முறை. இவை மணத்தடத்தை மறைக்கின்றன அல்லது குறுக்கிடுகின்றன, கூட்டை அழிப்பதில்லை. எனவே பயன் சில நாள்களுக்கே. அம்முறைகளைக் கையாண்டோர் அதனை அறிந்தே நாள்தோறும் செய்தனர்.

வாசலில் அரிசிமாவால் இடும் கோலம் எறும்புக்கு உணவு என்பது பரவலான விளக்கம். அதனைப் பூச்சித் தடுப்பு உத்தியாகவே கொள்வது மிகையாகும். ஆனால் எறும்பின் பங்கு வாசலில், மனிதரின் பங்கு அடுப்படியில் என்ற எல்லைக்கோட்டை அவ்வழக்கம் மனத்தில் வரைந்தது எனலாம்.

கொல்லாமையும் விலக்கலும்

விலக்கும் முறைகள் நிலைபெற்றதற்கு இவ்வட்டாரத்தின் அறமரபும் துணைநின்றது. கடலூரின் பகுதியான திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் சமணப் பள்ளி விளங்கிய இடம். திருநாவுக்கரசர் தருமசேனராகச் சமணரோடு வாழ்ந்ததைப் பெரியபுராணம் இவ்வூரோடு இணைத்துக் கூறுகின்றது. அமருமிடத்தில் உள்ள சிற்றுயிர்களை ஊறின்றி நீக்கச் சமணத் துறவியர் மயிற்பீலி ஏந்தினர். கொல்லாமல் விலக்குதல் என்னும் கருத்தின் கருவியாகவே அதனைக் காணலாம். சைவத்திற்குத் திரும்பிய பின் நாவுக்கரசர் பாடிய தலங்களுள் ஒன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த திருஎறும்பியூர். தேவர்கள் எறும்பு வடிவில் வழிபட்டனர் என்பது அத்தலத்தின் புராணம்.

19ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த வள்ளலார், சீவகாருணியத்தை ஒழுக்கத்தின் அடிப்படையாக வைத்தார். வடலூரில் 1867ஆம் ஆண்டு சத்திய தருமச்சாலையை நிறுவினார். இவ்வறம் எல்லா வீடுகளிலும் முழுமையாகப் பின்பற்றப்பட்டது என்று கூற முடியாது. கட்டெறும்புப் புற்றில் கொதிநீர் ஊற்றுவதும் ஈசலைப் பிடித்து வறுத்துண்பதும் இதே வட்டாரத்து வழக்கங்கள்தாம். ஆயினும் முதலில் விலக்கு, பின்னரே அழி என்ற வரிசைமுறை வீட்டு வழக்கத்தில் வேரூன்றியிருந்தது.

கோனிக்கும் ஜெர்டனும்

ஐரோப்பியரின் அறிவியல் முறையிலான இனங்காணல் இவ்வட்டாரத்திற்கு மிக அருகில், கொள்ளிடத்திற்குத் தெற்கே தரங்கம்பாடியில் தொடங்கியது. லின்னேயசின் மாணவரான யோகன் கெரார்டு கோனிக் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும் ஆங்கிலக் கம்பெனியிடமும் பணியாற்றி 1785இல் மறைந்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் அவரது பெயர் நிலைத்துள்ளது. 1779ஆம் ஆண்டு பெர்லின் இயற்கையியலாளர் கழகத்தின் வெளியீட்டில் கறையான் பற்றி அவர் எழுதிய கட்டுரை வந்தது. ஆப்பிரிக்கக் கறையான்கள் பற்றி ஹென்றி ஸ்மீத்மன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வெளியானது 1781இல்தான்.

கோனிக் கண்ட செய்திகளுள் ஒன்றை ஸ்மீத்மன் எடுத்துக்காட்டுகின்றார். ஈசல் வெளிவரும் பருவத்திற்குச் சற்று முன் புற்றின் காற்றுமுகப் பக்கத்திலும் எதிர்ப்பக்கத்திலும் இரு துளைகள் இடுவர். எதிர்ப்பக்கத் துளையில் கறிவேப்பிலை தேய்த்த பானையின் வாயைப் பொருத்துவர். காற்றுமுகத்தில் நாறும் பொருள்களைக் கொண்டு புகையிட, ஈசல்கள் பானைக்குள் வந்து சேரும். மாவோடு சேர்த்துச் செய்த அப்பண்டம் எளியோர்க்கு மலிவாக விற்கப்பட்டது. புற்றின் உள்வழிகள், காற்றின் திசை, ஈசலின் பருவம், மணத்திற்கு அது காட்டும் எதிர்வினை ஆகிய அனைத்தையும் அறிந்தோரே இம்முறையைக் கையாள இயலும். கோனிக் தந்த விளக்கத்தில் தமிழ்க் குடியானவரின் பூச்சியறிவும் பதிவாகியுள்ளது.

கோனிக்கின் கட்டுரைத் தலைப்பே வெள்ளை எறும்பு எனச் சொல்லப்படுவதன் இயற்கை வரலாறு என்னும் பொருளுடையது. ஐரோப்பிய மொழிகள் கறையானை எறும்பின் பெயரால் அழைத்தன. உண்மையில் எறும்பு குளவிக்கும் தேனீக்கும் உறவு. கறையான் கரப்பான் பூச்சிக்கு உறவு. 21ஆம் நூற்றாண்டின் மரபணு ஆய்வுகள் கறையானைக் கரப்பான் வரிசையிலேயே சேர்த்துவிட்டன. மேலும் எறும்புகள் கறையானின் முதன்மைப் பகைவர்களுள் அடங்கும். சிதல் என்றும் எறும்பு என்றும் தமிழ் தனித்தனியே பெயரிட்டுக் காத்த வேறுபாட்டை ஆங்கில வழக்கு மங்கச்செய்தது. அதன் மொழிபெயர்ப்பாக வெள்ளை எறும்பு என்ற சொல் தமிழ்ப் பாடநூல் நடையிலும் புகுந்தது.

எறும்புகளை முறையாகப் பட்டியலிட்டவர் சென்னைப் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன். தென்னிந்திய எறும்பினங்களின் பட்டியல் ஒன்றை 1851இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் அவர் வெளியிட்டார். வீட்டில் பெருந்தொல்லை தரும் ஓர் எறும்புக்கு அழிப்பது என்று பொருள்படும் டெஸ்ட்ரக்டர் என்ற இனப்பெயரை அவர் சூட்டினார். இன்று டிரைக்கோமைர்மெக்ஸ் டெஸ்ட்ரக்டர் எனப்படும் அவ்வெறும்பு மின்கம்பி உறையையும் கடித்துச் சேதப்படுத்தும். பிங்கம் 1903இல் எழுதிய எறும்புத் தொகுதி, பெயின்பிரிக் பிளெட்சர் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல், தி. வெ. இராமகிருஷ்ண ஐயரின் 1940ஆம் ஆண்டுக் கையேடு என இவ்வறிவு தொடர்ந்து வளர்ந்தது. ஆனால் இவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. பிள்ளையார் எறும்பும் சுள்ளெறும்பும் அறிந்த அடுப்படிக்கும் இந்நூல்களுக்கும் இடையே பாலம் அமையவில்லை. அப்பாலம் அமையுமுன்னரே பொடி வந்தது.

ஒரே பொடி

டிடிடியின் பூச்சிக்கொல்லும் பண்பைப் பால் முல்லர் 1939இல் கண்டறிந்தார். அதற்காக 1948இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின் வீட்டுச் சுவர்களில் டிடிடி தெளிப்பது அரசுப் பணியாயிற்று. கொசுவுக்காகத் தெளிக்கப்பட்ட மருந்து எறும்பையும் கரப்பானையும் கொல்வதை மக்கள் கண்டனர். பிஎச்சி எனப்படும் பென்சீன் ஹெக்சாகுளோரைடு, கமாக்சின் பொடி என்ற பெயரில் வீட்டுப் பொருளாயிற்று. எறும்பு வந்தால் அதைத் தூவினால் போதும். எந்த எறும்பு என்று கேட்க வேண்டியதில்லை.

கட்டடத் துறையிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. கறையான் தடுப்பிற்கென இந்தியத் தரநிலை நிறுவனம் 1971இல் வெளியிட்ட ஐஎஸ் 6313 என்னும் நெறிமுறை கட்டட அமைப்பு முறைகளையும் மண்ணில் மருந்திடும் முறைகளையும் வகுத்தது. நடைமுறையில் மருந்தே முதலிடம் பெற்றது. ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை அடித்தள மண்ணில் ஊற்றப்பட்டன. கல் செய்த பணியை நஞ்சு ஏற்றது. ஆனால் கல்லைப் போல அது எச்சரிக்கை தருவதில்லை.

இப்பொருள்கள் மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் பல ஆண்டுகள் தங்குபவை என்பது பின்னர் உறுதியாயிற்று. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் உற்பத்தியையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்தியது. வேளாண்மையில் டிடிடியின் பயன்பாடு 1989இல் நிறுத்தப்பட்டது. பிஎச்சி 1997இல் தடைசெய்யப்பட்டது. அதன்பின் குளோர்பைரிபாசும் பைரித்ராய்டு வகைகளும் அவ்விடத்தைப் பிடித்தன. எறும்புக்கோடு போடும் சுண்ணக்கட்டியில் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டே. பொருள் மாறியதேயன்றி அணுகுமுறை மாறவில்லை. பள்ளிச் சுண்ணக்கட்டியைப் போலவே அது தோன்றுவதால் குழந்தைகள் கையிலெடுக்கும் ஆபத்து புதிதாகச் சேர்ந்தது. பூச்சியை இனங்காணும் தேவை நீங்கிய அதே வேளையில் நஞ்சை இனங்காண்பதும் கடினமாயிற்று.

இவ்வரலாற்றில் கடலூருக்கு இன்னொரு பங்கும் உண்டு. உப்பனாற்றங்கரையில் 1980களில் வளர்ந்த சிப்காட் தொழில் வளாகத்தில் மருந்து, சாய ஆலைகளோடு பூச்சிக்கொல்லி ஆலைகளும் அமைந்தன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட மதிப்பீட்டில் கடலூர் 77.45 புள்ளிகள் பெற்றுக் கடும் மாசடைந்த பகுதிகளுள் ஒன்றாக இடம்பெற்றது. 2021 மே 13 அன்று அவ்வளாகத்தின் பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் நால்வர் உயிரிழந்தனர். அம்மாசு முழுவதும் பூச்சிக்கொல்லியால் வந்தது அன்று. வீட்டுப் பயன்பாடு அவ்வுற்பத்தியின் ஒரு சிறு பகுதியே. எனினும் அடுப்படியில் வரையப்படும் ஒரு கோட்டுக்கும் ஆற்றங்கரை ஆலைக்கும் இடையே தொடர்பு உள்ளது. எறும்பைக் கொல்வதன் செலவு ஒரு வீட்டோடு முடிவதில்லை என்பதை இவ்வட்டாரம் நேரில் கண்டது.

மீண்டும் இனங்காணல்

இன்றைய நகர்ப்புறப் பூச்சியியல் முதலில் கேட்பது எது என்ற வினாவையே. எறும்புக்கு இடை ஒடுங்கியது, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியது. சிறகுள்ள பருவத்தில் முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. கறையானுக்கு இடை ஒடுங்குவதில்லை, உணர்கொம்பு மணிகோத்தது போல் நேரானது. ஈசலின் நான்கு சிறகுகளும் ஏறத்தாழ ஒரே அளவின, எளிதில் உதிர்வன. விளக்கடியில் உதிர்ந்த சிறகுகளையும் சுவரில் மண்குழாயையும் கண்டால் பார்க்க வேண்டியது கதவுநிலையும் உத்தரமும்; சருக்கரை டப்பா அன்று.

எறும்பிலும் இனம் அறிவது இன்றியமையாதது. சுமார் 2 மில்லிமீட்டர் அளவுள்ள மஞ்சள்நிறப் பாரோ எறும்பின் கூட்டில் அரசிகள் பல. அதன்மீது மருந்து தெளித்தால் கூடு பிரிந்து பல கூடுகளாகும். ஓரறைத் தொல்லை வீடு முழுதும் பரவும். தலை கறுத்து வயிறு வெளிறிய டப்பினோமா எறும்பும் இவ்வாறே பல அரசிகளைக் கொண்டது. நீண்ட கால்களோடு திசையின்றி விரைந்தோடும் கரிய பாராட்ரெக்கினா எறும்பின் கூடு பெரும்பாலும் வீட்டிற்கு வெளியே இருக்கும். பெருந்தலை வேலைக்காரர்களைக் கொண்ட செந்நிறச் சொலெனாப்சிஸ் ஜெமினேட்டா மண்ணில் வாழும். அதன் கொட்டு எரியும். கட்டெறும்பான கம்போனோட்டஸ் கம்பிரெசஸ் மரத்தடியில் கூடமைத்துச் செடிப்பேன்களின் இனிப்பு நீரை நாடும். வீட்டுக்குள் வருவது உணவு தேடியே. எனவே ஒன்றிற்கு இடுக்கை அடைத்தால் போதும், ஒன்றிற்கு வெளியே உள்ள கூட்டைத் தேட வேண்டும், ஒன்றிற்கு மெதுவாகச் செயற்படும் இரை வைக்க வேண்டும். சருக்கரை நீரில் 1 விழுக்காட்டிற்கு மிகாத போரிக் அமிலம் கலந்த இரையை வேலைக்கார எறும்புகள் கூட்டிற்குக் கொண்டுசென்று அரசிக்கும் புழுக்களுக்கும் ஊட்டும். செறிவு மிகுந்தால் அவை வழியிலேயே இறக்கும், கூடு தப்பிவிடும். இரை வைக்கும் இடம் குழந்தைகளுக்கும் கால்நடைக்கும் எட்டாததாக இருத்தல் வேண்டும்.

பொதுவான தெளிப்பு மற்றொரு தீங்கையும் விளைவிக்கின்றது. கொல்லையில் உள்ள எறும்புகளே முதலில் மடிகின்றன. மரத்தினுள்ளும் மண்குழாயினுள்ளும் இருக்கும் கறையான் தப்புகின்றது. பகைவர் நீங்கிய நிலத்தில் கறையானுக்கு வழி எளிதாகின்றது.

இனங்காணலின் தேவையைத் தமிழகம் அண்மையில் உணர்ந்த இடம் கடலூருக்கு வெளியே, திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தை அடுத்த கரந்தமலைப் பகுதி. 2022இல் மலையடிவார ஊர்களில் எறும்புகள் பெருகிக் கால்நடைகளைத் தாக்கின. மக்கள் மேய்ச்சலையும் குடியிருப்பையும் கைவிட நேர்ந்தது. அது மஞ்சள் பித்தெறும்பு எனப்படும் அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ் என அடையாளம் காணப்பட்டது. இதே எறும்பை ஜெர்டன் 1851ஆம் ஆண்டுப் பட்டியலில் வேறொரு பெயரால் விவரித்திருந்தார். அப்பெயர் முன்பே மற்றோர் எறும்புக்கு வழங்கப்பட்டிருந்ததால் 1857இல் பிரெடெரிக் சுமித் இட்ட பெயரே நிலைத்தது. 170 ஆண்டுகளுக்கு முன்பே பதிவான பூச்சியைத் தமிழ் ஊர்கள் புதிய எறும்பாக எதிர்கொண்டன. அறிவியலில் இருந்த பெயர் மக்களின் மொழிக்கு வந்து சேரவில்லை என்பதே இதன் பொருள்.

முடிவுரை

கடலூர், சிதம்பரம் வட்டாரச் சான்றுகள் மூன்று கட்டங்களைக் காட்டுகின்றன. முதற்கட்டத்தில் செல்லும் எறும்பும் பெயராலும் தடுப்பு முறையாலும் வேறுபடுத்தப்பட்டன. செல்லுக்குக் கல்லும் எண்ணெயும் படியெடுத்தலும், எறும்புக்கு நீரும் உறியும் பயன்பட்டன. இரண்டாம் கட்டத்தில் ஐரோப்பிய அறிவியல் இனங்களை நுணுகிப் பெயரிட்டது. ஆனால் அவ்வறிவு தமிழில் வீடுவரை வரவில்லை. மூன்றாம் கட்டத்தில் வேதிப்பொடி இரு அறிவுகளையும் தேவையற்றனவாக்கியது. பழைய முறைகள் அனைத்தும் சிறந்தவை என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. மஞ்சள்தூள் பாரோ எறும்பின் கூட்டை ஒழிக்காது. தில்லை ஏடுகளைப் போற்றிப் பூட்டிய பக்தியே செல்லுக்கு இடமளித்தது என்பதையும் மேலே கண்டோம். பழைய முறைகளிலிருந்து கொள்ளத்தக்கது, பூச்சியை அறிந்தபின் செயற்படுதல் என்னும் ஒழுங்கு.

ஆகவே தமிழாய்வுக்கும் பூச்சியியலுக்கும் பொதுவான பணி ஒன்று காத்திருக்கின்றது. வட்டாரந்தோறும் வழங்கும் எறும்புப் பெயர்களைத் திரட்டி, மாதிரிகளோடு ஒப்பிட்டு, எப்பெயர் எவ்வினங்களைத் தழுவுகின்றது என்று வரையறுக்க வேண்டும். மொழியியல் துறையும் வேளாண் புலமும் ஒரே வளாகத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களில் இப்பணி எளிதில் தொடங்கத்தக்கது. பெயர்களை வீட்டில் வழங்கும் முதியோர் இன்னும் இருக்கின்றனர் என்பதால் அது காலம் தாழ்த்தாமல் செய்யத்தக்கதும் ஆகும்.